ஹெர்-2 '2+' என்று வந்தால் அங்கேயே நிற்காதீர்கள்

மார்பகப் புற்றுநோய் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது "எந்த ஸ்டேஜ்?" என்றுதான். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள், நானும் மருத்துவரிடம் அதைத்தான் கேட்டேன். அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. அந்தச் செல்களில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு இருக்கின்றன என்ற கேள்வி. அதற்கான பதில், ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றி, என் அறிக்கையில் ஒற்றை வரியாக மாதக்கணக்கில் கிடந்தது. யாரும் அதை எனக்கு விளக்கவில்லை. அந்த ஒரு வரியால் எனக்குப் போன காலமும் பணமும் உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. அப்பா இல்லை, அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, தம்பி கத்தாரில் வேலை பார்க்கிறான். மருத்துவமனைக்குப் போவது, கையெழுத்துப் போடுவது, பணம் கட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். 2022 தொடக்கத்தில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, அழுத்தினால் நகரவும் இல்லை. ஊரில் தெரிந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனேன். அறுவை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்னக் கட்டிதான்மா, எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் இல்லை, ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சியும் இல்லை. நேராக அறுவைதான். மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையிலேயே கொடுத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் லேப் கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்துவிடச் சொன்னார்.

அந்த டப்பா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாயகலம் கொஞ்சம் குறைவு, மூடி மேல் பிளாஸ்திரி ஒட்டி என் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே சதைத் துண்டு பக்கவாட்டில் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக இருந்தது, அது மூழ்குகிற அளவுக்குத்தான் திரவம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பாம்பும் தவளையும் போட்டு வைத்த ஜாடிகள் உண்டு. மூடியை லேசாகத் திறந்தாலே பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். இந்த டப்பாவில் அந்த நெடியே இல்லை. "இது பார்மலினா சிஸ்டர்?" என்று கேட்டேன். "எப்பவும் இப்படித்தான் அனுப்புவோம் மேடம்" என்றார். லேப் தம்பியும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சலைன் மாதிரி இருக்கு மேடம், நான் மாத்திடறேன்" என்றான். அதற்குள் ஓர் இரவு போயிருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து அந்தச் சதையில் இருக்கும் புரதங்கள் சிதையத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போட வேண்டும், சதையைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கட்டி புற்றுநோயா இல்லையா என்பது ஓரளவு கெட்டுப்போன சதையிலும் தெரிந்துவிடும். ஆனால் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கிற சோதனை, அதாவது ஐ.எச்.சி., சதை சரியாகப் பதப்படாவிட்டால் தவறான பதில் தரலாம். அதனால் உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ கட்டி என்றால், முதலில் மேமோகிராம், பிறகு ஊசி பயாப்சி, அதன் முடிவு வந்த பிறகே அறுவை என்று கேளுங்கள். டப்பாவை உங்கள் கையில் கொடுத்தால், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்குப் பார்மலினில் போட்டார்கள் என்று மூடியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

முடிவு வந்தது: ஊடுருவும் வகைப் புற்றுநோய், கிரேடு 3 (வேகமாகப் பெருகும் வகை), கட்டி 2.8 சென்டிமீட்டர். அந்தக் காகிதத்தைப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த பீரியட் பத்தாம் வகுப்பு. போய்ப் பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. இரவில் அவர் தூங்கியதும் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவேன்.

பிறகு மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனை. முதல் அறுவையில் ஓரங்களில் நோய் மிச்சமிருந்தது. அதனால் மறுபடி அறுவை செய்து மார்பகத்தை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். இரண்டு கணுக்களில் நோய் பரவியிருந்தது. ஐ.எச்.சி. அறிக்கையும் வந்தது. ஆனால் அது ஊரில் எடுத்த அந்த முதல் கட்டியில் செய்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இருக்கிறது, புரோஜெஸ்டிரோன் ஏற்பி கொஞ்சம் இருக்கிறது, செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 நாற்பது சதவீதம், ஹெர்-2 '2+, ஈக்விவோக்கல்'. ரவுண்ட்ஸ் வந்த இளம் மருத்துவரிடம் கடைசி வரியைக் காட்டி என்னவென்று கேட்டேன். "அது நெகட்டிவ் மாதிரிதான்மா, கவலைப்படாதீங்க" என்றார். கீமோ தொடங்கிவிட்டது.

நெகட்டிவ் மாதிரி என்று ஒன்று கிடையாது. ஹெர்-2 வரியில் 0, 1+, 2+, 3+ என்று நான்கு படிகள் உண்டு. 0-வும் 1+-உம் நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ என்றால் இந்தச் சோதனையால் முடிவு சொல்ல முடியவில்லை, அடுத்த சோதனை செய்தே ஆக வேண்டும் என்று பொருள். அந்த அடுத்த சோதனைக்கு ஃபிஷ் என்று பெயர். புரதத்தை விட்டுவிட்டு அதை உண்டாக்குகிற மரபணுவையே எண்ணிப் பார்ப்பார்கள். 2+ என்று வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஃபிஷ் பாசிட்டிவ் என்று வருகிறது. 2+ என்று அச்சடித்த அறிக்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், உங்கள் நோய் என்ன வகை என்பது இன்னும் முடிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கண்ணைத் திறந்தது மருத்துவர் யாரும் இல்லை. கீமோ வார்டில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, உசிலம்பட்டிப் பக்கம், காய்கறி வியாபாரம். "எனக்கு மூணு பிளஸ்ஸு, அதான் ஒரு வருசம் தனியா ஊசி போடணுமாம். உனக்கு எவ்வளவு வந்துச்சு பாப்பா?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "ரெண்டுன்னா இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களே எங்க நாத்தனாருக்கு!" என்றார். அன்று இரவு பேருந்தில் திண்டுக்கல் திரும்பும் வரை போனில் படித்துக்கொண்டே வந்தேன். அறிவியல் எடுப்பவளாக இருந்தும் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதை நான் அப்போதுதான் உருப்படியாகப் படித்தேன். நான் புரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் அறிக்கையில் இருக்கும் வரிகள் ஏன் வேண்டும் என்பது புரியும்.

மார்பகத்தில் கட்டி இருப்பதால் மட்டும் உயிர் போவதில்லை. அது எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போவதுதான் ஆபத்து. அப்படிப் போக ஒரு செல்லுக்குப் பல காரியங்கள் நடந்தாக வேண்டும். நம் மார்பகக் குழாய்களின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ஈ-கேடரின் என்ற புரதம். பல புற்றுச் செல்களில் அது குறைகிறது. மார்பகப் புற்றில் லோபுலார் என்ற வகையில் பெரும்பாலும் அது இல்லாமலே போய்விடுகிறது. அதனால்தான் அந்த வகை கட்டியாகத் திரளாமல் வரிசை வரிசையாகப் பரவுகிறது, மேமோகிராமிலும் சரியாகப் பிடிபடாமல் போகிறது. விடுபட்ட செல் சுற்றியுள்ள இணைப்புத் திசுவைக் கரைத்து வழி செய்ய வேண்டும். அதற்கென்று சில நொதிகளைச் சுரக்கிறது, அவையும் புரதங்களே. ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்த பிறகும் எங்கே தங்குவது என்பது கண்டபடி நடப்பதில்லை. 1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, நோய் சில உறுப்புகளையே தேடிப் போகிறது என்று எழுதினார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 2001-இல் அதற்கு ஒரு மூலக்கூறு விளக்கம் கிடைத்தது. மார்பகப் புற்றுச் செல்களின் மேல் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பிப் புரதம் நிறைய இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற புரதத்தை நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள் ஆகியவை அதிகமாகச் சுரக்கின்றன. அந்த இழுப்பில் செல்கள் அங்கே போகின்றன.

இதெல்லாம் நமக்குச் செய்கிற வழக்கமான சோதனைகளில் வராது. ஈ-கேடரினைக்கூட வகை சந்தேகமாக இருந்தால்தான் பார்ப்பார்கள். ஆனால் ஹெர்-2 வரும். ஏனென்றால் அதற்கு மருந்து இருக்கிறது. ஹெர்-2 எல்லோருடைய செல்களின் மேலும் கொஞ்சம் இருக்கும் ஏற்பிதான். சில புற்றுகளில் அதன் மரபணு பல மடங்கு பெருகிவிடும். செல்லின் மேற்பரப்பு முழுக்க இந்தப் புரதம் நெருக்கியடித்து நிற்கும். பெருகு, சாகாதே, நகர் என்று உள்ளே ஓயாமல் உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். 1987-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமனும் உடன் வேலை பார்த்தவர்களும் 189 பெண்களின் கட்டிகளைச் சோதித்து, இந்த மரபணு பெருகியிருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று காட்டினார்கள். இன்றைய கணக்கில் மார்பகப் புற்றுநோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் இந்த வகை. 1998-இல் இதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்தது. 2005-இல், தொடக்க நிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் இதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. அந்தப் பாதி எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அந்த '2+' வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்தில் அதைப் படித்தபோது வந்த கோபத்தில் கை நடுங்கியது.

மறுநாளே மருத்துவமனையில் மூத்த மருத்துவரைப் பார்த்து ஃபிஷ் செய்யச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, "பிளாக் கொண்டு வாங்க" என்றார். அங்கே தொடங்கியது அலைச்சல். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்துத் தீப்பெட்டியை விடச் சின்னதான பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள், ஓரத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் பிளாக். எல்லாச் சோதனைக்கும் அதிலிருந்துதான் மெல்லிய சீவலாக வெட்டுவார்கள். என் முதல் கட்டியின் பிளாக் எங்கே என்று ஊர் மருத்துவமனைக்குத் தெரியவில்லை, லேபைக் கேளுங்கள் என்றார்கள். கலெக்‌ஷன் சென்டரில் கேட்டால் சென்னை மெயின் லேபில் இருக்கிறது என்றார்கள். சென்னைக்குப் போன் போட்டால் டாக்டரின் கடிதம், அடையாள அட்டை, அசல் ரசீது எல்லாம் வேண்டும் என்றார்கள். கீமோ போட்ட உடம்போடு, வாயெல்லாம் புண், இதற்காக அலைந்தேன். ஒன்றரை மாதம் போனது. கடைசியில் கிடைத்த பிளாக்கைப் பார்த்த நோயியல் மருத்துவர் ஓர் அம்மா, "இது சரியா பதப்படலம்மா. இதுல ஃபிஷ் போட்டாலும் நம்ப முடியாது. உங்க ரெண்டாவது ஆபரேஷன்ல எடுத்த கணு பிளாக் நம்மகிட்டயே இருக்கு, அதுல பண்ணலாம்" என்றார். பரவிய நோயே அந்தக் கணுவில் இருந்தது, அது முறையாகப் பதப்பட்டும் இருந்தது. அது முதல் நாளிலிருந்தே அதே கட்டடத்தில்தான் இருந்திருக்கிறது.

அதனால் சொல்கிறேன், பிளாக் உங்கள் உடம்பின் ஒரு பகுதி, அதைக் கேட்டு வாங்கலாம். எந்த அறுவை நடந்தாலும் பிளாக் எண், எந்த லேபில் இருக்கிறது, எத்தனை பிளாக் என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இன்னொரு மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்லைடு (சீவலை ஒட்டிய கண்ணாடி) மட்டும் வாங்கினால் போதாது, பிளாக்கும் வேண்டும். கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், மெழுகு இளகினால் பிளாக் பாதிக்கப்படலாம். முக்கியமாக, உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை நடந்திருந்தால், எதில் சோதனை செய்தார்கள், வேறு நல்ல பிளாக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஃபிஷுக்கு 11,000 ரூபாய் ஆனது. இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: பாசிட்டிவ். மரபணுவுக்கும் குரோமோசோமுக்கும் உள்ள விகிதம் 2-ஐத் தாண்டினால் பாசிட்டிவ் பக்கம் என்று கணக்கு, எனக்கு 4-ஐத் தாண்டியிருந்தது. ஐ.எச்.சி.யையும் அதே கணுவில் மறுபடி செய்தார்கள், 3+ வந்தது. மோசமான வகை என்று அறிந்து அழுகை வந்தது. மருந்து இருக்கிறது என்பதில் ஒரு தெம்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இழப்பு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் கொடுத்த சிவப்பு நிறக் கீமோவோடு ட்ராஸ்டுசுமாபைச் சேர்த்துப் பொதுவாகக் கொடுப்பதில்லை, இரண்டுமே இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் அடுத்து வாராவாரம் போட்ட பாக்லிடாக்சல் என்ற கீமோவோடு முதல் வாரமே தொடங்கியிருக்கலாம். எனக்கு அது முடியும் தறுவாயில்தான் தொடங்கியது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஊசி பயாப்சி செய்து ஹெர்-2 பாசிட்டிவ் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், என் அளவு நோய்க்கு மருந்தை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்வார்கள். கட்டி முழுக்கக் கரைந்ததா, மிச்சம் இருக்கிறதா என்பதைப் பார்த்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். அவசரமாக வெட்டியதில் அந்த வாய்ப்பு எனக்குப் போய்விட்டது. அதற்கு ஈடு கிடையாது.

இனி மருந்துச் செலவு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓர் ஆண்டு. ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டியதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எனக்குக் கிடையாது. தனியாக எடுத்திருந்த மூன்று லட்சம் ரூபாய் பாலிசி அறுவையிலும் கீமோவிலுமே தீர்ந்தது. அரசு அட்டை இருப்பவர்கள் இந்த மருந்து அதில் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 440 மில்லிகிராம் குப்பியின் அட்டையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் விலை அச்சிட்டிருந்தது. மருத்துவமனைக் கடையில் 42,000 கேட்டார்கள். அதே கம்பெனி, அதே குப்பி, வெளியே மொத்த விற்பனைக் கடையில் 21,000-க்குக் கிடைத்தது. இது வெளிநாட்டு மூல மருந்தை ஒத்த உள்நாட்டுத் தயாரிப்பு. பெங்களூரு பயோகான் 2014 வாக்கில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு வேறு கம்பெனிகளும் செய்கின்றன. என் மருத்துவர் இதை எழுதுவதில் தயங்கவே இல்லை. மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களிலும் புற்றுநோய் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூன்று இடத்தில் விலை விசாரிக்காமல் முதல் குப்பியை வாங்காதீர்கள்.

இன்னொரு கணக்கு உண்டு, இதை எனக்குச் சொன்னது டே-கேர் நர்ஸ். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். முதல் ஊசி உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு கிலோவுக்கு 6. நான் 55 கிலோ. முதல் முறை சரியாக 440, ஒரு குப்பி தீர்ந்தது. அடுத்தடுத்து 330 போதும், குப்பியில் 110 மிஞ்சும். பெட்டியோடு வரும் பதப்பொருள் கலந்த நீரில் கரைத்திருந்தால் மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் 28 நாள் வைக்கலாம். அடுத்த ஊசி 21-ஆம் நாள். அதனால் நான்கு ஊசிக்கு மூன்று குப்பி போதும்! ஆண்டு முழுக்கப் பார்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். எல்லா மருத்துவமனையும் ஒப்புக்கொள்ளாது, சாதாரண நீரில் கரைத்தால் வைக்கவும் முடியாது. சுத்தமாகக் கலக்கும் அறையும் பெயர் எழுதி வைக்கும் பழக்கமும் இருக்கிற இடமா என்று பார்த்து, ஊசிக்கு முந்தியே கேட்டுவிடுங்கள்.

மருந்தை வெளியே வாங்கினால் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக், அதன் மேல் மடித்த துண்டு, அதற்கு மேல் மருந்து என்று வைத்து மூடி டேப் ஒட்டித் தருவார்கள். குப்பி ஐஸ் பேக்கில் நேராகப் படக் கூடாது. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தால் மனசெல்லாம் அதிலேயே இருக்கும்.

முதல் ஊசி ஒன்றரை மணி நேரம் மெதுவாக இறங்கியது. பாதியில் பல் கிடுகிடுக்கிற குளிர். கம்பளி போர்த்தி, மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு மறுபடி தொடங்கினார்கள். பலருக்கு முதல் முறை இப்படி வரும், பிறகு எனக்கு வரவே இல்லை. இதயத்தை மட்டும் விடாமல் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எனக்கு 62 சதவீதமாக இருந்த இதயத் துடிப்பாற்றல், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, நடுவில் 49-க்கு இறங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசு ஆகிவிட்டது என்று விட்டிருப்பேன், எக்கோதான் காட்டிக்கொடுத்தது. ஊசியை நிறுத்தி இதய மருத்துவரிடம் அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார். ஒரு மாதத்தில் ஏறிவிட்டது. இந்த மருந்தால் வரும் இதயப் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகும். ஆனால் ஊசி ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மறுபடி முதல் அளவிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு ஒரு முழுக் குப்பி. கல்யாணம், திருவிழா என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். எல்லாம் சேர்த்து எனக்கு ஏழு லட்சத்துக்கு மேல் ஆனது. அம்மாவின் வளையல், என் சங்கிலி எல்லாம் அடகுக்குப் போயின. ஓர் ஆண்டில் பாதி மாதங்களுக்குச் சம்பளம் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சையும் சொல்ல வேண்டும். புரதத்தால்தான் பரவுகிறது என்று நான் சொன்னதைக் கேட்ட சித்தி, அன்றிலிருந்து முட்டையும் பருப்பும் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா பயந்து கஞ்சியும் ரசமுமாக வைத்தார். செல்லுக்குள் மரபணு உண்டாக்குகிற ஹெர்-2 வேறு, நாம் சாப்பிடுகிற புரதம் வேறு. முட்டை சாப்பிடுவதால் ஹெர்-2 அதிகமாகாது, நிறுத்துவதால் குறையாது. கீமோ நேரத்தில் உடம்பு தேற புரதம்தான் வேண்டும் என்று உணவியல் நிபுணர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் சமையல் மாறியது. இந்தப் பயத்தில் நோயாளியைப் பட்டினி போடுகிற வீடுகளை வார்டில் நிறையவே பார்த்தேன்.

எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இருப்பதால் அதைத் தடுக்கிற தமாக்சிஃபென் மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டு, பத்து வரை நீளலாம். சில ரூபாய் மாத்திரைதான். ஆனால் சூடு பொங்கி வியர்ப்பதும் தூக்கம் கெடுவதும் பொறுக்காமல் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். தொந்தரவைச் சொன்னால் குறைக்க வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது மாதாமாதம் சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தச் சோதனையும் அடிக்கடி பெட் ஸ்கேனும் எடுக்கத் தேவையில்லை என்றும் என் மருத்துவர் சொன்னார். ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், நேரில் பரிசோதனை, புதிதாக எலும்பு வலியோ விடாத இருமலோ தலைவலியோ வந்தால் உடனே சொல்வது. இவ்வளவுதான்.

பழைய அறிக்கையில் 1+ என்றோ, '2+, ஃபிஷ் நெகட்டிவ்' என்றோ இருக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. முன்பு இதை நெகட்டிவ் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 2022-இல் இருந்து ஹெர்-2 குறைவு என்று தனி வகையாகப் பார்க்கிறார்கள். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்து இவர்களுக்கும் பயன்படுகிறது. விலை மிக அதிகம். 2024 பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியை நீக்கினார்கள், அப்படியும் எட்டாத உயரம்தான், ஆனால் கம்பெனிகளின் உதவித் திட்டங்களைப் பற்றி மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் விசாரிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பழைய அறிக்கையில் 'நெகட்டிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் பக்கத்தில் 0 போட்டிருக்கிறதா, 1+ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே போடாமல் இருந்தால், பிளாக் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து மறுபடி படிக்கச் சொல்லலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.